சீரிஸ் 3 லாண்ட் ரோவரில் 200 டி.டி.ஐ எஞ்சின்: ஏற்றத்தில் கிளட்ச் கருகுகிறது, இறக்கத்தில் வண்டி தள்ளுகிறது

மலைச்சாரல் கேட்கிறார்:

வணக்கம். என்னிடம் 88 அங்குலச் சீரிஸ் 3 லாண்ட் ரோவர் ஒன்று இருக்கிறது. அப்புத்தளைக்கு மேலே உள்ள தோட்டத்திலிருந்து மரக்கறி மூட்டைகளைப் பிரதான வீதிக்கு இறக்கவும், மாதத்தில் ஒரு தடவை கொழும்புக்குப் போய்வரவும் அதையே பயன்படுத்துகிறேன். பழைய 2286 சீசீ டீசல் எஞ்சின் புகையைத் தவிர வேறெதையும் தராத நிலைக்கு வந்துவிட்டதால், விபத்துக்குள்ளான ஒரு லாண்ட் ரோவர் டிஃபென்டரிலிருந்து கழற்றிய 200 டி.டி.ஐ டர்போ டீசல் எஞ்சினைச் சென்ற ஆண்டு பொருத்தி, அந்த மாற்றத்தை வாகனப் பதிவிலும் சேர்த்துக்கொண்டேன். கியர்பொக்ஸும், அதன் சுழற்சியை ஹை, லோ என்ற இரண்டு ரேஞ்சில் முன், பின் ஆக்சில்களுக்குக் கொடுக்கும் ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸும் பழையவையே.

முதல் சில மாதங்கள் மலையில் ஒரு குறையும் இருக்கவில்லை. ஆனால் கொழும்பு வீதியில் 80 கி.மீ. வேகத்தைத் தொட்டாலே எஞ்சின் கதறியது. ஆகவே கராஜில் சொன்னபடி முன்னாலும் பின்னாலும் இருந்த 4.7 விகித டிஃபரென்ஷியல்களை (ஆக்சிலின் நடுவிலிருந்து சில்லுகளைச் சுழற்றும் பல்சக்கரத் தொகுதி; எண் குறைந்தால் அதே எஞ்சின் சுற்றில் வேகம் கூடும்) எடுத்துவிட்டு, பழைய ரேஞ்ச் ரோவரின் 3.54 டிஃபரென்ஷியல்களைப் போட்டோம். சமவெளியில் வண்டி இப்போது சுகமாக ஓடுகிறது. மலையிலோ, மூட்டை ஏற்றிய பின் ஏற்றத்தில் வண்டியை எடுப்பதற்குக் கிளட்சை நெடுநேரம் பாதியில் பிடிக்க வேண்டியிருப்பதால் கருகல் நாற்றம் வருகிறது. அதைவிட அச்சம் தருவது இறக்கம். லோ ரேஞ்சில் முதல் கியரில் விட்டாலும் வண்டி எஞ்சினைத் தள்ளிக்கொண்டு ஓடுகிறது; கீழே வருவதற்குள் பிரேக் டிரம்கள் சூடேறிப் பிடி குறைந்துவிடுகிறது.

டீசல் பம்பைக் கொஞ்சம் திறந்து எரிபொருளைக் கூட்டி விட்டால் சரியாகிவிடும் என்று மெக்கானிக் கூறுகிறார். எஞ்சினில்தான் கோளாறா?

கரிப்புகை:

மெக்கானிக் சொல்வது சரிதான். பம்பையும் டர்போ அழுத்தத்தையும் சற்றுக் கூட்டினால் ஏற்றத்தில் பிரச்சினை இராது. என் வண்டியில் அப்படித்தான் செய்தேன்.

நான்காம் கியர்:

பம்பில் கை வைப்பதற்கு முன் இரண்டு விஷயங்களைத் தெரிந்துகொள்ள வேண்டும். இப்போது எந்த அளவு டயர் போட்டிருக்கிறீர்கள், முன்பு எது இருந்தது? கைபேசியில் ஜி.பி.எஸ்ஸை வைத்துக்கொண்டு ஓட்டி, ஸ்பீடோமீட்டர் 60 காட்டும்போது உண்மையான வேகம் என்ன என்று பார்த்துச் சொல்லுங்கள்.

மலைச்சாரல்:

ஐயா, முன்பு 6.00-16 டயர், டிஃபரென்ஷியல் மாற்றிய அதே வாரத்தில் 7.50-16 போட்டேன். வேகத்தை இன்று பண்டாரவளை வீதியின் நேரான துண்டொன்றில் சோதித்தேன். ஸ்பீடோமீட்டர் 40 காட்டியபோது கைபேசி 58 காட்டியது. அறுபது வரை போய்ப் பார்க்க எனக்குத் துணிவு வரவில்லை.

நான்காம் கியர்:

உங்கள் எஞ்சினில் கோளாறு ஏதும் இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. ஒரே வாரத்தில் இரண்டு மாற்றங்களைச் செய்து, இரண்டும் ஒரே பக்கமாக இழுத்துவிட்டன.

சீரிஸ் 3 வண்டியின் முதல் கியர் 3.68, லோ ரேஞ்ச் 2.35, உங்கள் பழைய டிஃபரென்ஷியல் 4.7. மூன்றையும் பெருக்கினால் ஏறத்தாழ 40.6 வருகிறது. அதாவது எஞ்சின் நாற்பது தடவைக்கு மேல் சுழன்றால்தான் சில்லு ஒரு தடவை சுழலும். 3.54 போட்டதும் அந்த எண் 30.6 ஆகச் சுருங்கிவிட்டது. அதற்கு மேல் 6.00 டயர் ஒரு சுற்றுக்குச் சுமார் 2.2 மீட்டர் போகும் இடத்தில் 7.50 டயர் சுமார் 2.4 மீட்டர் போகிறது. எஞ்சின் நிமிடத்துக்கு 800 சுற்றில் ஓடும்போது முன்பு மணிக்கு 2.6 கி.மீ. வேகத்தில் ஊர்ந்த வண்டி, இப்போது அதே கியரில் அதே சுற்றில் 3.8 கி.மீ. போகிறது. தாழ்ந்த கியரின் பலத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கழற்றி வைத்துவிட்டீர்கள் என்றே கொள்ள வேண்டும்.

பழைய டீசல் எஞ்சினின் உச்ச முறுக்கு விசை சுமார் 140 நியூட்டன் மீட்டர். டிஃபென்டரின் 200 டி.டி.ஐ தருவது 255. அவ்வளவு கூடியிருக்கும்போது கியர் குறைந்தால் என்ன என்று கராஜில் நினைத்திருப்பார்கள். ஆனால் அந்த 255 கிடைப்பது நிமிடத்துக்குச் சுமார் 1800 சுற்றில், டர்போ நன்றாக ஊதும்போது. ஏற்றத்தில் நின்ற வண்டியை எடுக்கும் தருணத்தில் எஞ்சின் 1000 சுற்றில்தான் இருக்கிறது; அங்கே டர்போவின் உதவி அநேகமாக இல்லை, அது சாதாரண 2.5 லீட்டர் டீசல் எஞ்சின் மட்டுமே. ஆகவே நீங்கள் சுற்றைக் கூட்டிக் கிளட்சைப் பாதியில் பிடிக்கிறீர்கள், தட்டு கருகுகிறது. பம்பைத் திறந்தால் அந்த இடத்தில் வருவது பெரும்பாலும் கரும்புகைதான். கரிப்புகை நண்பர் பொறுத்தருள வேண்டும்.

இறக்கத்தின் கணக்கு வேறு. இறங்கும்போது எரிபொருள் இல்லை, டர்போ இல்லை; எஞ்சின் வண்டியைப் பிடிப்பது அதன் உராய்வினாலும் காற்றை உள்ளிழுத்து வெளித்தள்ளும் உழைப்பினாலும்தான். பழையது 2286 சீசீ, புதியது 2495 சீசீ. இந்த விஷயத்தில் இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் கிடையாது. இழுக்கும் பலம் ஏறத்தாழ இரட்டிப்பானாலும் பிடிக்கும் பலம் அப்படியே இருக்க, அந்தப் பிடியைச் சில்லு வரை பெருக்கித் தந்த கியரைக் குறைத்துவிட்டீர்கள். பம்பை எவ்வளவு திறந்தாலும் இது மாறாது.

ஸ்பீடோமீட்டர் கேபிள் ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸிலிருந்து வருவதால், அதற்குப் பின்னால் டிஃபரென்ஷியலிலோ டயரிலோ செய்த மாற்றம் அதற்குத் தெரியாது. ஊசி 60 காட்டும்போது நீங்கள் 85க்கு மேல் போய்க்கொண்டிருப்பீர்கள், அதுவும் 10 அங்குல டிரம் பிரேக்கில். கொழும்புப் பயணங்களை நினைத்துப் பார்க்கவே கலக்கமாக இருக்கிறது.

மேட்டுலாரி:

எளிய வழி ஒன்று உண்டு. பின்னால் மட்டும் 4.7 ஐத் திரும்பப் போடுங்கள், முன்னால் 3.54 இருக்கட்டும். சாதாரண ஓட்டம் பின்சில்லில்தானே.

பழைய சில்லு:

தம்பி, அதை மட்டும் செய்துவிடாதீர்கள். இந்த வண்டியில் லோ ரேஞ்சைப் போட்டவுடன் முன்சில்லும் தானாகவே இணைந்துவிடும். முன்னையும் பின்னையும் நடுவில் பிரித்து விடுவதற்கு இதில் சென்டர் டிஃபரென்ஷியல் கிடையாது. இரண்டு ஆக்சிலும் வெவ்வேறு கணக்கில் சுழல முயன்றால் டயர் வழுக்க வேண்டும், அல்லது சில்லைச் சுழற்றும் தண்டான ஹாஃப் ஷாஃப்டோ ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸோ உடைய வேண்டும். அதுவும் உடைவது நடு இறக்கத்தில்தான்.

கேட்டவருக்கு என் யோசனை இது. உங்களுக்குத் தேவைப்பட்டது நான்காம் கியரில் மட்டும் உயரம், அதாவது அதே சுற்றில் கூடுதல் வேகம். டிஃபரென்ஷியலை மாற்றினால் லோ முதல் ரிவர்ஸ் வரை எல்லாக் கியரும் சேர்ந்து உயர்ந்துவிடும். ஆகவே இரண்டு ஆக்சிலுக்கும் 4.7 ஐத் திரும்பப் போட்டுவிட்டு, ஃபெயரி ஓவர்டிரைவ் (வேண்டும்போது மட்டும் போட்டுக்கொள்ளும் கூடுதல் உயர் கியர்) ஒன்றைத் தேடிப் பிடியுங்கள். அது ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸின் பின்பக்கம் பொருந்தும், விகிதம் 0.78. 7.50 டயரோடு 2500 சுற்றில் இப்போது 88 கி.மீ. போகிறீர்கள், 4.7 உடன் ஓவர்டிரைவ் போட்டால் அதே சுற்றில் 85 போகலாம். சமவெளியில் இழப்பது மூன்று கி.மீ. மட்டுமே. ஓவர்டிரைவை விலக்கிவிட்டு லோ முதல் கியரில் இறங்கினால், 800 சுற்றில் 2.8 கி.மீ. வேகத்தில் பழையபடி ஊரலாம். ஸ்பீடோமீட்டரும் டயர் வித்தியாசத்தைத் தவிர ஏறத்தாழ உண்மை பேசும்.

ட்ரான்ஸ்ஃபர் பொக்ஸில் ஹை ரேஞ்சை மட்டும் ஏறத்தாழ 30 சதவீதம் உயர்த்தி, லோ ரேஞ்சை அப்படியே விடும் கியர்த் தொகுதியும் கிடைக்கிறது. ஓவர்டிரைவின் ஊளைச் சத்தம் அதில் இல்லை. ஆனால் அதில் ஹை முதல் கியரும் உயர்ந்துவிடும் என்பதால், மூட்டையோடு ஏற்றத்தில் எடுக்கும்போதெல்லாம் நீங்கள் லோவில் எடுக்கப் பழக வேண்டும். அப்புத்தளைக்கு ஓவர்டிரைவே பொருத்தம் என்பேன். பழைய ஓவர்டிரைவை வாங்கும்போது உள்ளே பல்லிணைப்புத் தேய்ந்திருக்கிறதா என்று பாருங்கள். அதற்குத் தனி எண்ணெய், அளவும் குறைவு, அதை மறந்தவர்கள்தான் அதைக் குறை சொல்வார்கள். ஓவர்டிரைவில் குறைந்த சுற்றில் மிதித்து ஏற்றத்தில் இழுக்கவும் வேண்டாம்.

இன்னொன்று. 4.7 உம் 200 டி.டி.ஐயும் சேர்ந்தால் லோ முதல் கியரில் சில்லுக்குப் போகும் பலம், இந்த மெல்லிய பத்துப் பல் ஹாஃப் ஷாஃப்டுகள் தாங்குவதைவிட அதிகம். ஒரு சில்லு கல்லில் மாட்டி நிற்கும்போது பெடலை மிதித்தால் ஷாஃப்ட் முறியும். காலை எடுத்துவிட்டு எஞ்சினைத் தன் போக்கில் ஊர விடுங்கள். அந்தக் கியர் அதற்காகத்தான்.

மலைச்சாரல்:

இருவருக்கும் நன்றி. பழைய 4.7 டிஃபரென்ஷியல்கள் இரண்டும் கராஜின் மூலையில் சாக்கைப் போர்த்திக்கொண்டு கிடந்தன. ஒன்றில் கிரௌன் வீல் என்ற பெரிய பல்சக்கரத்தின் பற்களில் மெல்லிய துரு படிந்திருக்கிறது, ஆனால் துடைத்தால் போய்விடுகிறது. மற்றது சுத்தமாக இருக்கிறது. அவற்றோடு இணையும் சிறிய பல்சக்கரங்களான பினியன்களைக் கலந்துவிடாமல் அப்படியே முழுத்தொகுதியாக மாட்டச் சொல்லியிருக்கிறேன்.

ஓவர்டிரைவ் கிடைக்கும் வரை கொழும்புக்குப் பேருந்தில் போவதாக முடிவு செய்துவிட்டேன். வண்டி தயாரானதும் கொஸ்லந்தைப் பக்கம் வெற்று வண்டியாக ஒரு தடவை, மூட்டையோடு ஒரு தடவை இறக்கிப் பார்த்து, டிரம்களின் சூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டு இங்கே எழுதுகிறேன்.

பழைய சில்லு:

கையால் தொடாதீர்கள், தம்பி. தண்ணீர் இரண்டு சொட்டு விட்டுப் பாருங்கள்.