டெய்ன்ட்ரீ காட்டில் முதலை, காசோவரி, பாம்பு: என்ன முன்னேற்பாடு?

கேள்வி:
டிசம்பர் கடைசி வாரம் ஆஸ்திரேலியாவின் கெய்ர்ன்ஸில் கார் எடுத்து, டெய்ன்ட்ரீ ஆற்றைத் தாண்டி கேப் டிரிபுலேஷன் வரை போகிறோம். கூட ஏழு வயதுப் பையன். கடலில் இறங்கலாமா? வழியில் முதலை, காசோவரி (பறக்காத பெரிய பறவை), பாம்பு எதிர்ப்பட்டால் என்ன செய்வது?

பதில் 1:
கடலில் இறங்கவே வேண்டாம். அங்கே நவம்பர் முதல் மே வரை பெட்டி ஜெல்லிமீன் (கொடிய நஞ்சுள்ள, கொட்டும் ஜெல்லிமீன்) காலம். கொட்டிவிட்டால் அந்த இடத்தில் குறைந்தது 30 வினாடி வினிகர் ஊற்றுங்கள். தேய்த்தாலும் நல்ல தண்ணீர் விட்டாலும் தோலில் ஒட்டியிருக்கும் கொட்டும் செல்கள் மேலும் நஞ்சை இறக்கும். ஒரு பாட்டில் வினிகர் காரிலேயே இருக்கட்டும்.

உவர்நீர் முதலை கடலிலும் நீந்தும், ஆற்றிலும் இருக்கும். எச்சரிக்கைப் பலகை இல்லாத இடத்தில் முதலை இல்லை என்று நினைக்காதீர்கள். கரையிலிருந்து 5 மீட்டராவது தள்ளி நில்லுங்கள். ஒரே இடத்துக்கு ஒரே நேரத்தில் தினமும் போகக் கூடாது, அது கவனித்து வைத்துக்கொள்ளும். படகுத்துறை இன்னும் மோசம். மீன் கழிவுக்குப் பழகிய முதலை அங்கேதான் காத்திருக்கும். ஆற்றைத் தாண்ட கார் ஏற்றும் ஃபெர்ரிக்கு வரிசையில் நிற்கும்போது பையனைத் தண்ணீர்ப் பக்கம் விடாதீர்கள்.

பதில் 2:
காசோவரியைப் பார்த்தால் ஓடாதீர்கள், முதுகைக் காட்டாதீர்கள். பையை முன்னால் பிடித்தபடி மெதுவாகப் பின்வாங்கி ஒரு மரத்தை நடுவில் வைத்துக்கொள்ளுங்கள். உள்விரல் நகம் 12 செ.மீ. வரை இருக்கும், உதைதான் ஆபத்து. குஞ்சுகளை வளர்ப்பது ஆண் பறவை. கோடுபோட்ட குஞ்சுகள் கூட வந்தால் இன்னும் விலகி நில்லுங்கள். வாழைப்பழம்கூடப் போடாதீர்கள். தின்று பழகிய பறவை அடுத்து வருகிற ஆளை மிரட்டும், ரோட்டோரம் திரிந்து காரில் அடிபட்டும் சாகும்.

கேள்வி கேட்டவர்:
நன்றி சார். பாம்பு கடித்தால் மேலே கயிறு கட்டலாமா?

பதில் 3:
கயிறு கூடாது, கீறவோ உறிஞ்சவோ கூடாது, கடிவாயைக் கழுவவும் கூடாது. எந்த நஞ்சுமுறி மருந்து என்று ஆஸ்பத்திரியில் தீர்மானிக்கத் தோலில் இருக்கும் நஞ்சு உதவலாம். 10 முதல் 15 செ.மீ. அகலமுள்ள எலாஸ்டிக் பேண்டேஜ் இரண்டு வாங்கிக்கொள்ளுங்கள். முதலில் கடிவாய்மேல் ஒரு சுற்று. பிறகு விரல் பக்கத்திலிருந்து மேல்நோக்கிக் கை அல்லது கால் முழுக்க, சுளுக்குக்குக் கட்டுகிற இறுக்கத்தில் சுற்றுங்கள். விரல் நீலம் பாய்ந்தால் இறுக்கம் அதிகம். கடித்த இடத்தைப் பேனாவால் பேண்டேஜ்மேல் குறியுங்கள். குச்சி வைத்து அசையாமல் கட்டி, ஆளை நடக்கவே விடாமல் ஆஸ்திரேலிய அவசர எண் 000-ஐ அழையுங்கள். நடந்தால் தசை அசைவில் நஞ்சு நிணநீர் வழியே ஏறிவிடும்.

ஆனால் இந்த முறையை அப்படியே நம் ஊருக்குக் கொண்டுவராதீர்கள். அங்குள்ள கொடிய பாம்புகள் நாகப்பாம்பின் குடும்பம். நம் கண்ணாடி விரியன் நஞ்சு கடித்த இடத்துச் சதையையே அழிக்கும், அதை அங்கேயே இறுக்கி அடைத்தால் சேதம் கூடும்.

ஆற்றைத் தாண்டினால் பல இடங்களில் சிக்னல் கிடையாது. தங்குமிடத்தில் தரைவழி போன் உண்டா என்று முன்கூட்டியே கேட்டுவையுங்கள்.