குறைமாதக் குழந்தைக்கு பிடிஏ: மருந்து தராமல் காத்திருப்பது சரியா?

கேள்வி:
என் தங்கையின் குழந்தை 27ஆவது வாரத்தில் பிறந்து என்.ஐ.சி.யூ.வில் (பச்சிளங்குழந்தைகள் தீவிர சிகிச்சைப் பிரிவில்) இருக்கிறது. பிறந்த பின் மூடிக்கொள்ள வேண்டிய இதயத்தருகே உள்ள இரத்தக்குழாய் இன்னும் திறந்தே இருப்பதாக (இதைத்தான் பிடிஏ என்கிறார்கள்) எக்கோ எனும் இதய ஸ்கேனில் தெரிந்தது. அதை மூட மருந்து உண்டு என்று சொல்லும் மருத்துவர்களே, இப்போதைக்குப் பொறுத்துப் பார்க்கலாம் என்கிறார்கள். மருந்து இருக்கும்போது ஏன் இந்தத் தயக்கம்?

பதில் 1 (பச்சிளங்குழந்தை மருத்துவர்):
தயக்கத்துக்குக் காரணம் மருந்து வேலை செய்யும் விதத்திலேயே இருக்கிறது. கருவில் இக்குழாயைத் திறந்து வைத்திருப்பது புரோஸ்டாகிளாண்டின் என்ற, உடலே சுரக்கும் வேதிப்பொருள்; இந்தோமெதசின், இபுபுரோஃபென் ஆகிய மருந்துகள் அதன் உற்பத்தியைத் தடுத்துக் குழாயைச் சுருங்கச் செய்கின்றன. ஆனால் சிறுநீரகத்துக்கும் குடலுக்கும் போதிய இரத்தம் செல்ல உதவுவதும் அதே புரோஸ்டாகிளாண்டின்தான் என்பதால், சிறுநீர் குறையலாம், அரிதாகக் குடலில் துளையும் விழலாம். ஹைட்ரோகார்டிசோன் போன்ற ஸ்டீராய்டைச் சேர்த்துத் தரும்போது குடலில் துளை விழும் அபாயம் கூடுகிறது.

இன்னொன்றும் உண்டு. குழாய் மூடிவிட்டதாலேயே குழந்தை தேறிவிடும் என்று பல ஆண்டுகளாக நம்பினோம். பெரிய பிடிஏ உள்ள 650க்கும் மேற்பட்ட குழந்தைகளுக்குப் பிறந்த மூன்று நாட்களுக்குள் இபுபுரோஃபென் அல்லது ஒப்பீட்டுக்கான, மருந்துச்சத்து இல்லாத போலி மருந்து தந்து ஒப்பிட்ட பேபி-ஆஸ்கர் ஆய்வு 2024இல் வெளியானது. இறப்போ, மிதமான அல்லது கடுமையான நாள்பட்ட நுரையீரல் நோயோ மருந்தால் குறையவில்லை. எனவே காத்திருப்பதை, குழந்தையைக் கைவிடுவதாக எண்ண வேண்டாம்.

பதில் 2:
பாராசிட்டமாலும் தருகிறார்களே, அது பாதுகாப்பானதுதானா?

பதில் 3 (பதில் 1 எழுதியவர்):
2011 முதல் அதைப் பற்றிய ஆய்வுக் கட்டுரைகள் வருகின்றன. சிறுநீரகமோ இரத்தத் தட்டணுக்களோ பாதிக்கப்பட்டு இபுபுரோஃபென் தர முடியாத குழந்தைகளுக்கு அதை நாடுகிறோம். கல்லீரல் நொதிகளைக் கண்காணிக்க வேண்டும்.

கேட்டவர்:
அப்படியானால் எந்தக் கட்டத்தில் மருந்து தேவைப்படும்?

பதில் 4 (பதில் 1 எழுதியவர்):
செயற்கைச் சுவாசத் தேவை நாளுக்கு நாள் கூடுவது, இரத்த அழுத்தத்தின் கீழ் அளவு தாழ்ந்தே இருப்பது, எக்கோவில் இதயத்தின் இடப்பக்க அறைகள் பெருத்துத் தெரிவது ஆகியவற்றைச் சேர்த்தே முடிவெடுப்போம். குழாயின் விட்டத்தை மட்டும் வைத்து, என் கருத்தில், முடிவு செய்யக் கூடாது. மருந்து பலிக்காவிட்டால், 700 கிராமுக்கு மேல் எடையுள்ள குழந்தைகளுக்குக் காலின் சிரை வழியே சிறு அடைப்பானைச் செலுத்தி மூடும் முறையும் உள்ளது. அடுத்த எக்கோ எப்போது, எந்த மாற்றம் தெரிந்தால் மருந்து தொடங்குவார்கள் என்பதை உங்கள் மருத்துவரிடமே கேளுங்கள்.