கொடிக்கலன்: ‘வெப்ப மீட்பு நீராவி உருவாக்கி’க்கு ஒரு மாற்று

அன்பு நண்பர்களுக்கு,

வணக்கமுங்க. நம் கலைச்சொல் பட்டியலில், கூட்டுச் சுழற்சி மின்நிலையம் (ஒரே எரிபொருளை வைத்து வாயு டர்பைன், நீராவி டர்பைன் இரண்டையும் ஓட்டுவது) பற்றிய சொற்களில் பாதிக்கு மேல் படிந்துவிட்டன. ஒன்று மட்டும் பல்லிடுக்கில் மாட்டிய கரும்புச் சக்கை போல உறுத்திக்கொண்டே இருக்கிறது: ‘வெப்ப மீட்பு நீராவி உருவாக்கி’.

வாயு டர்பைனைச் சுழற்றிவிட்டு வெளியே வரும் சூட்டுப்புகையைக் கொண்டு தண்ணீரை ஆவியாக்கும் அந்தப் பெரிய பெட்டியை நிலையத்தில் யாரும் அப்படி அழைப்பதில்லை. ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்து ‘எச்.ஆர்.எஸ்.ஜி.’ (Heat Recovery Steam Generator) என்பார்கள், அவசரத்தில் வெறும் ‘பாய்லர்’. நான்கு சொல்லைக் கோத்த பெயரை வாக்கிடாக்கியில் யார் சொல்லி முடிப்பது? பொருளும் இடறுகிறது. ‘மீட்பு’ என்றால் கிணற்றில் விழுந்த மாட்டைத் தூக்க வரும் தீயணைப்பு வண்டிதான் கண்ணில் நிற்கிறது. பாலிடெக்னிக்கில் படிக்கும் என் அக்கா மகன் அந்தப் பாடத்தை வாசித்துவிட்டு, “வெப்பத்துல இருந்து எதைங்க மாமா மீட்கறாங்க?” என்று கேட்டான். அவனைக் குறை சொல்ல என்ன இருக்கிறது.

என் பரிந்துரை: கொடிக்கொதிகலன். பேச்சில் கொடிக்கலன்.

கொடியடுப்பைப் பார்த்தவர்களுக்கு இதற்குமேல் விளக்கம் வேண்டியதில்லை. பார்க்காதவர்களுக்காகச் சொல்கிறேன். கோபிசெட்டிபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் அம்மாயி (அம்மாவின் அம்மா) வீட்டில் மண்ணடுப்பு இருந்தது. விறகு வைக்க ஒரே வாய். அதன்மேல் சோற்றுப்பானை. பக்கத்தில் அதோடு ஒட்டினாற்போல இன்னொரு அடுப்பு. அதற்கு விறகு வாய் கிடையாது. இரண்டுக்கும் நடுவே கை நுழையும் அளவுக்கு ஒரு துளை. பெரிய பானையைச் சுற்றி வந்த அனல் அந்தத் துளை வழியாகப் போய்ப் பக்கத்து அடுப்பில் ஏறும். அங்கே கொள்ளு ரசமோ, குளிக்க வெந்நீரோ, தானாகச் சுடும். பருத்திமார் (காய்ந்த பருத்திச்செடித் தண்டு) எரித்த காலம் அது. நெருப்பு சட்டென்று பிடித்துச் சட்டென்று அடங்கும். அந்த அனலை வீணாக்க அம்மாயிக்கு மனசு வராது. சோறு பொங்கி இறக்குவதற்குள் ரசம் நுரை கட்டிவிடும். விறகு ஒன்று, வேலை இரண்டு.

கூட்டுச் சுழற்சியும் அதேதான். வாயு டர்பைனிலிருந்து வெளியேறும் புகை ஏறக்குறைய 600 டிகிரி செல்சியஸ் சூட்டில் இருக்கிறது. தனியாக ஓடினால், எரிபொருளில் உள்ள ஆற்றலில் 35 முதல் 40 விழுக்காடுதான் மின்சாரமாகும். மிச்சத்தில் பெரும்பகுதி புகையோடு வானத்துக்கு. அந்தப் புகையைக் கொடிக்கலனுக்குள் திருப்பி, புகைபோக்கியில் விடும்போது 100 டிகிரிக்குப் பக்கமாகக் கொண்டுவந்துவிடுகிறார்கள். இடையில் கிடைத்த நீராவி இன்னொரு டர்பைனை ஓட்டுகிறது. நம் மாநிலத்துக் குத்தாலம் நிலையத்தையே பாருங்கள்: வாயுப் பக்கம் 64 மெகாவாட், நீராவிப் பக்கம் 37, மொத்தம் 101. அந்த 37-க்குத் தனியாக ஒரு துளி எரிவாயுகூடச் செலவில்லை. பிரான்சில் பூஷான் நிலையம் 2016-இல் எரிபொருள் ஆற்றலில் 62.22 விழுக்காட்டை மின்சாரமாக்கி உலகச் சாதனை படைத்ததும் இந்த முறையில்தான்.

இந்த உவமை எனக்குப் பிடித்ததற்கு இன்னொரு காரணம், அதன் சங்கடம்கூட அப்படியே பொருந்துகிறது. கொடியடுப்பின் மேல் மூன்று குமிழ் இருக்கும். பானை அதன்மேல்தான் உட்கார வேண்டும். குமிழ் தேய்ந்து பானை அடுப்போடு அப்பிக்கொண்டால் புகை மேலே போக வழியில்லாமல் முன்வாய் வழியாகத் திரும்பி வந்து கண்ணைக் கரிக்கும். பெரிய அடுப்பும் சரியாக எரியாது. கொடிக்கலனுக்குள் குழாய்களை நெருக்கி அடுக்கினால் நிறைய நீராவி கிடைக்கும், ஆனால் புகைக்குத் தடை கூடி, எதிரழுத்தம் டர்பைனைப் பின்னால் தள்ளும். அங்கே கொஞ்சம் மெகாவாட் குறையும். எவ்வளவு நெருக்கலாம் என்பதுதான் வடிவமைப்பவரின் தலைவலி. குமிழின் உயரம் பார்த்து அடுப்புப் போட்ட கிழவிகளுக்கும் அதே கணக்குத்தான்.

இனி, இந்தப் பெயரைக் கேட்டு நண்பர்கள் சொன்ன மறுப்புகள்.

சென்னை நண்பர், சமையலறைச் சொல் பொறியியலுக்குப் பொருந்தாது என்கிறார். ஐயா, ‘அணு உலை’யில் இருக்கும் உலை எங்கிருந்து வந்தது? கொல்லன் பட்டறையிலும் சோற்றுப்பானையிலும் இருந்த சொல்தானே. எரிமலையின் ‘பாறைக்குழம்பு’ என்று எழுதும்போது யாரும் சாதம் கேட்பதில்லை.

கொடி என்றால் இன்றைய பிள்ளைகள் கட்சிக்கொடியை நினைப்பார்கள் என்றார் திருப்பூர்த் தம்பி. நினைக்கட்டும். தொப்புள்கொடியில் யாரும் கட்சி பார்ப்பதில்லை. ஒன்றிலிருந்து கிளைத்து, அதனால் உயிர் வாழ்வது கொடி. இங்கே வேண்டியது அந்தப் பொருள்தான்.

மூன்றாவது மறுப்பு கனமானது. சில நிலையங்களில் கொடிக்கலனுக்குள்ளேயே எரிப்பான் வைத்துக் கூடுதலாக எரிவாயு எரிக்கிறார்களே, சொந்தமாகத் தீ இருந்தால் அது எப்படிக் கொடி ஆகும் என்று சேலத்து அம்மையார் கேட்டிருக்கிறார். நியாயம். டர்பைன் புகையில் ஆக்சிஜன் நிறைய மிச்சம் இருப்பதால்தான் அங்கே மறுபடி எரிக்க முடிகிறது. அம்மாயியும் ரசம் கொதிக்காவிட்டால் நடுத்துளைப் பக்கம் ரெண்டு கொள்ளிக்கட்டையைத் தள்ளிவிடுவாள். அதற்காக அது கொடியடுப்பு இல்லை என்று ஆகிவிடவில்லை. அந்தக் கூடுதல் நெருப்பைத் ‘துணைத்தீ’ என்போம். ‘துணைத்தீக் கொடிக்கலன்’ என்றால் வகையும் விளங்கும். புகை படுக்கையாகப் போகிற வகை ‘கிடைக் கொடிக்கலன்’, மேல்நோக்கிப் போகிற வகை ‘நிலைக் கொடிக்கலன்’. ஒரு சொல்லை வைத்து இப்படி நாலு சொல் கட்ட முடிகிறதா என்பதைத்தான் நான் முதலில் பார்ப்பேன். ‘வெப்ப மீட்பு நீராவி உருவாக்கி’யை வைத்து இப்படிக் கட்டிப் பாருங்கள், மூச்சு வாங்கும்.

கூட்டுச் சுழற்சிக்குப் பதிலாக ‘மறுதாம்பு’ என்று ஒருவர் சொன்னது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. வெட்டிய கரும்பின் கட்டையிலிருந்தே இரண்டாம் போகம் எடுப்பது போல, வேலை முடிந்த புகையிலிருந்து இரண்டாம் மின்சாரம். ஆனால் மறுதாம்பு, முதல் பயிரை அறுத்த பிறகுதான் துளிர்க்கும். இங்கே இரண்டும் ஒரே நேரத்தில் ஓடுகின்றன. மனசில்லாமல்தான் விடுகிறேன். ‘இணைச் சுழற்சி’யும் வேண்டாம்; பக்கம் பக்கமாக ஓடுவது போலத் தோன்றும். கூட்டுச் சுழற்சியே இருக்கட்டும்.

அப்புறம், வாயு டர்பைனுக்கு ‘எரிவாயுச் சுழலி’ என்று பட்டியலில் இருப்பதைத் தயவுசெய்து மாற்றுங்கள். அது தவறு. எரிபொருள் வாயுவாக இருப்பதால் அந்தப் பெயர் வரவில்லை. டர்பைனின் இலைகளைத் தள்ளிச் சுழற்றுவது நீராவியாக இல்லாமல் சூடான வாயுவாக இருப்பதால் வந்தது. சென்னை பேசின் பாலத்தில் நான்கு 30 மெகாவாட் எந்திரங்களை நாஃப்தா என்ற திரவ எரிபொருளில் ஓடவே நிறுவினார்கள். அவையும் இதே வகைதான். ‘வாயுச் சுழலி’ என்றால் போதும்.

கடைசியாக, புகையைக் கொடிக்கலனுக்கோ நேராக வெளியே போகும் மாற்றுப் புகைபோக்கிக்கோ திருப்பும் அந்தப் பெரிய இரும்புத் தட்டு. ‘திசைதிருப்பித் தடுப்பான்’ என்கிறது பட்டியல். கீழ்பவானி வாய்க்கால் ஓரத்தில் வளர்ந்தவனுக்கு இதைப் பார்த்தால் மதகு என்றுதான் வாயில் வரும். ‘புகைமதகு’ என்று வைக்கலாமா? வாய்க்காலில் இப்போது எல்லாரும் ஷட்டர் என்றுதான் சொல்கிறார்கள் என்பதும் தெரியும். ஆனாலும் மதகு செத்துப்போன சொல் இல்லையே.

பட்டியலுக்கு நான் எழுதிப் பார்த்த வரி இது:

கொடிக்கலன்: வாயுச் சுழலியிலிருந்து வெளியேறும் சூட்டுப்புகையைக் கொண்டு நீராவி எழுப்பும் கொதிகலன். பார்க்க: துணைத்தீ, புகைமதகு.

கொடியடுப்பை உங்கள் பக்கம் வேறு பெயரில் சொல்வதுண்டா? நெல்லை, மதுரைக்காரர்கள் வீட்டில் பெரியவர்களைக் கேட்டு எழுதுங்கள். அதைப் பார்த்துவிட்டு வரியை முடிவு செய்யலாம்.