'கிராஸ் கம்பைல்': தமிழில் என்ன சொல்லலாம்?

அனைவருக்கும் வணக்கம்.

பாலிடெக்னிக் மாணவர்களுக்கான ராஸ்பெரி பை (சிறு கணினிப் பலகை) ஆய்வகக் குறிப்பேடு திங்கட்கிழமை அச்சுக்குப் போகிறது. எக்ஸ்86 சில்லுள்ள மடிக்கணினியில் நிரலைத் தொகுத்து (கம்பைல் செய்து, அதாவது இயந்திர மொழிக்கு மாற்றி), ஆர்ம் சில்லுள்ள அந்தப் பலகையில் ஓட்டுவதுதான் பாடம். 'குறுக்குத் தொகுப்பு' என்று எழுதியிருந்தேன். மாணவர்கள் 'சுருக்கித் தொகுப்பது' என்று புரிந்துகொள்கிறார்கள். ஐகாரக்குறுக்கம், மகரக்குறுக்கம் படித்த பிள்ளைகள் வேறெப்படிப் படிப்பார்கள்?

இன்னொரு சிக்கல். சி++ நிரலில் 'சார்' (ஒரு பைட் அளவு எழுத்து) வகை அணி ஒன்றுக்கு நெளிவு அடைப்புக்குள் -1 என்று தொடக்க மதிப்பு. மடிக்கணினிக்குத் தொகுத்தால் ஒரு முணுமுணுப்பும் இல்லை. ஆர்முக்குத் தொகுத்தால் 'நாரோயிங்' பிழை, அதாவது மதிப்பு அந்த வகைக்குள் அடங்கவில்லை என்பது. லினக்ஸில் எக்ஸ்86-க்கு சார் -128 முதல் 127 வரை. ஆர்முக்கு 0 முதல் 255 வரை, அதில் -1 அடங்காது. இந்தப் பிழைக்குக் 'குறுக்கம்' என்று பெயர் வைத்துவிட்டேன். ஒரே பக்கத்தில் குறுக்கும் குறுக்கமும் வேண்டாம். நல்ல சொல்லாகத் தாருங்கள்.

— ஆய்வக ஆசிரியர், கோவை

---

ஐயா, குறுக்கு இருக்கட்டும், 'தொகுப்பு' என்பதே பிழை. முதல்நூலைத் தழுவி எழும் வழிநூலின் வகைகளைத் தொல்காப்பியர் மரபியலில் நான்காகச் சொல்கிறார்: தொகுத்தல், விரித்தல், தொகைவிரி, மொழிபெயர்ப்பு. கம்பைலர் செய்வது நான்காவது வேலை. முதலாவதன் பெயரை அதற்குச் சூட்டியது யார்?

குறுந்தொகை 11-இல் மாமூலனார் 'மொழிபெயர் தேஎத்தர் ஆயினும்' என்கிறார். கட்டி என்னும் தலைவனின் நாட்டுக்கு அப்பால், மொழி மாறிவிடும் நிலம். எக்ஸ்86-க்கு ஆர்ம் அப்படியொரு தேயம்தான். 'பெயர்தேயப் பெயர்ப்பு' என்று வையுங்கள். ஈராயிரம் ஆண்டுச் சொல் கையில் இருக்கிறது.

— தமிழாசிரியர், மதுரை

---

> பெயர்தேயப் பெயர்ப்பு

ஐயா, பாடல் அருமை. ஆனால் திரையில் பிழையோடு உட்கார்ந்திருக்கும் பையனுக்கு முதலில் பாடலை விளக்கிவிட்டுத்தான் பிழைக்கு வர முடியும். கம்பைலருக்குத் 'தொகுப்பி' வேரூன்றிவிட்டது. 'நிரல்பெயர்ப்பி' என்பாரும் உண்டு. அந்தச் சண்டையை இப்போது எடுத்தால் திங்கட்கிழமை தாண்டிவிடும்.

கோவை ஐயாவுக்கு ஒன்று. நீங்கள் சொன்ன பிழை கிராஸ் கம்பைலால் வந்ததல்ல. பலகையிலேயே நேரடியாகத் தொகுத்தாலும் அதே பிழைதான். 'எம்மின்ட்ரின்' தலைப்புக் கோப்பு இல்லை என்று நிற்பதும் அப்படியே. அது இன்டெல் எஸ்எஸ்இ2 ஆணைகளுக்கானது, ஆர்மில் இருக்காது. இவை நிரலை வேறு வகைச் சில்லுக்குக் கொண்டுபோவதால் வருபவை. மடிக்கணினியின் எக்ஸ்86 நூலகத்தை இணைப்பி (தொகுத்த நிரலை நூலகங்களோடு சேர்க்கும் லிங்கர்) எடுத்துப் பார்த்து, பொருந்தவில்லை என்று ஒதுக்குகிறதே, அதுதான் அசல் கிராஸ் கம்பைல் பிழை. இரண்டுக்கும் ஒரே சொல்லை வைத்தால் மாணவர்கள் தவறான இடத்தில் தேடுவார்கள்.

முதலாவதற்குப் 'பொறிப்பெயர்ப்பு', இரண்டாவதற்கு 'அயல்பொறித் தொகுப்பு' என்பது என் கருத்து.

— நிரலாளர், சென்னை

---

> அயல்பொறி

அயல் + பொறி = அயற்பொறி. லகரம் வல்லினத்தின் முன் றகரமாகும். கலைச்சொல் என்றால் இலக்கணம் தப்பலாமா?

— மதுரை

---

ஐயா, 'அயற்பொறி' என்று அச்சிட்டு, பிள்ளைகள் 'அயல்' என்று தேடினால் அகப்படாது. பிரித்தே எழுதலாம். 'அயற்செயலி' என்று மட்டும் யாரும் கிளம்பிவிடாதீர்கள். செயலி என்றால் இப்போது எல்லோருக்கும் கைப்பேசி 'ஆப்'தான் நினைவுக்கு வரும்.

எனக்குப் பெரிய கவலை வேறு. தொகுக்கும் முன் அமைப்பைச் சொல்லும் கன்ஃபிகர் கட்டளையில் பில்டு, ஹோஸ்ட், டார்கெட் என்று மூன்று வருகின்றன. ஹோஸ்ட் என்றால் நிரல் ஓடப்போகும் கணினி. அதைப் 'புரவலர்' என்று எழுதினால், இடம் கொடுத்துத் தொகுக்கும் மடிக்கணினியைத்தான் மாணவர்கள் நினைப்பார்கள். நேர் எதிர்ப்பொருள். கட்டும் பொறி, ஓடும் பொறி, இலக்குப் பொறி போதும். மூன்றாவது, தொகுப்பியையே கட்டும்போதுதான் தேவை.

— மொழிபெயர்ப்பாளர், யாழ்ப்பாணம்

---

அம்மா சொன்ன மூன்றையும் அப்படியே எடுத்துக்கொண்டேன். 'அயல் பொறித் தொகுப்பு', பிரித்துத்தான். முதல் இடத்தில் மட்டும் பக்கத்தில் 'கிராஸ் கம்பைல்'. சார் பிழையைப் 'பொறிப்பெயர்ப்பு' பகுதிக்கு மாற்றிவிட்டேன். தீர்வு, வகையை 'சைன்டு சார்' (எதிர் எண்ணும் ஏற்கும் சார்) என்று வெளிப்படையாக எழுதுவது. அனைவருக்கும் நன்றி.

— கோவை

---

பெரும்பான்மை சரி. ஆனால் 'தொகுப்பு' எனக்கு உடன்பாடில்லை என்பதைப் பதிவு செய்கிறேன். அடுத்த பதிப்புக்கு முன் மரபியல் உரைகளோடு விரிவாக எழுதுகிறேன்.

— மதுரை