டெஃப் அழுத்தம் குறைவு என்று காட்டுகிறது: பம்பை மாற்றத்தான் வேண்டுமா?

ஆலங்குளம் லாரி:
அனைவருக்கும் வணக்கம். ஆலங்குளத்திலிருந்து புளியரை வழியாகக் கேரளாவுக்கு ஜல்லி ஏற்றிச் செல்லும் பிஎஸ் 6 டிப்பர் ஒன்று வைத்திருக்கிறேன். பத்து நாட்களாக, வண்டி இருபது நிமிடம் ஓடியதும் டெஃப் (புகையின் நச்சைக் குறைக்கத் தெளிக்கும் யூரியா கரைசல்) விளக்கு எரிகிறது. செங்கோட்டையைத் தாண்டி ஏற்றம் தொடங்கும் இடத்தில் இழுவை குறைந்து வண்டி ஊர்கிறது. ஸ்கேனரில் எஸ்பிஎன் 4334, எஃப்எம்ஐ 18 என்ற பழுதுக் குறியீடு வந்தது. பிரஷர் சென்சார் போய்விட்டது என்றும், அது பம்புக்குள்ளேயே இருப்பதால் பம்பை முழுதாக மாற்ற வேண்டும் என்றும் பழுதுபார்ப்பவர் சொல்கிறார். விலையைக் கேட்டதும் கொஞ்சம் பொறுப்போம் என்று தோன்றியது.

பாளை மெக்கானிக்:
அண்ணாச்சி, பொறுத்தது நல்லதாயிற்று. 4334 என்பது டெஃப் அழுத்தத்துக்கு உரிய எண். என்ன குறை என்பதைச் சொல்வது பின்னால் வரும் எஃப்எம்ஐதான். அது 3 என்றால் சிக்னல் வோல்டேஜ் அளவுக்கு மேல், 4 என்றால் அளவுக்குக் கீழ். அப்போது சென்சாரையோ வயரையோ சந்தேகிக்கலாம். 18 வந்தால், சென்சார் சொல்வது நம்பும்படியாக இருக்கிறது, அழுத்தம்தான் குறைகிறது என்று பொருள்.

ஆனாலும் சென்சாரைச் சோதித்துவிடுவது நல்லது. இரவு முழுவதும் நின்ற வண்டியில், இன்ஜினைத் தொடாமல் சாவியை மட்டும் போட்டு, ஸ்கேனரில் டெஃப் அழுத்தத்தைப் பாருங்கள். குழாயில் ஒன்றும் இல்லாத அந்த நேரத்தில் பூஜ்யத்தை ஒட்டியோ, ஸ்கேனர் காற்றழுத்தத்தையும் சேர்த்துக் காட்டுவதாக இருந்தால் 1 பாரை (பார் என்பது அழுத்த அலகு) ஒட்டியோ இருக்க வேண்டும். 2, 3 பார் என்று காட்டினால் சென்சாரோ வயரோ பொய் சொல்கிறது. கனெக்டரைக் கழற்றிப் பின்களையும் பாருங்கள். டெஃப் கசிந்து புகுந்தால் செம்பு பச்சை பூத்துவிடும்.

அளவு சரியாக இருந்தால், இன்ஜினை ஓடவிட்டு அழுத்தத்தையும் பம்பின் வேலை சதவீதத்தையும் சேர்த்துக் கவனியுங்கள். பல கனரக வண்டிகளில் 9 பார் அளவில் நிற்க வேண்டும். பம்பு முழு மூச்சாக ஓடியும் அழுத்தம் ஏறவில்லை என்றால், உறிஞ்சும் பக்கம் அடைத்திருக்கும், அல்லது காற்று இழுக்கும், அல்லது டெஃப்பைத் தெளிக்கும் இன்ஜெக்டர் ஒழுகும். இவை மூன்றையும் பார்த்த பிறகும் தீரவில்லை என்றால்தான் பம்பைப் பற்றிப் பேச வேண்டும்.

கயத்தாறு டிரைவர்:
ஒன்று கேட்கிறேன், அண்ணாச்சி. இன்ஜினை அணைத்த கையோடு உங்கள் டிரைவர் பேட்டரி மெயின் சுவிட்சையும் திருகிவிடுகிறாரா? சாவியை எடுத்த பிறகும் பம்பு சில நிமிடம் ஓடிக் குழாயில் உள்ள டெஃப்பை டேங்குக்குத் திருப்பி இழுக்கும். அதற்குள் கரண்டை நிறுத்தினால் மிச்சம் உள்ளேயே காய்ந்து, வெள்ளை உப்பாகக் கட்டிக்கொள்ளும். நான் ஒரு முறை இப்படித்தான் இன்ஜெக்டரைக் கெடுத்தேன்.

ஆலங்குளம் லாரி:
இருவருக்கும் நன்றி. டிரைவர் தம்பியைக் கேட்டேன். பேட்டரி இறங்கிவிடும் என்று பயந்து, நிறுத்திய உடனே சுவிட்சை அணைத்துவிடுவாராம். காலையில் சாவி போட்டுப் பார்த்ததில் அழுத்தம் பூஜ்யம் காட்டியது, பின்களும் சுத்தம். இன்ஜின் ஓடியபோது 6 பாருக்கு மேல் ஏறவில்லை, பம்போ 90 சதவீதத்துக்கு மேல் ஓடியது. பம்பு ஃபில்டரைக் கழற்றினோம்: மடிப்புகளுக்கிடையே அரிசி நொய்யைப் போல வெள்ளைப் பொடி. டேங்கில் உறிஞ்சும் குழாயின் வலையிலும் அதே பொடி படிந்திருந்தது.

பாளை மெக்கானிக்:
அப்படியானால் சென்சார் உண்மையைத்தான் சொல்லியிருக்கிறது. அந்த வெள்ளைப் பொடி தண்ணீரில் கரையும் என்பதால், வலையையும் குழாய் முனைகளையும் வெதுவெதுப்பான டிஸ்டில்டு வாட்டரில் ஊறவைத்துக் கழுவுங்கள். நம் ஊர்க் குழாய்த் தண்ணீர் வேண்டாம். அதிலுள்ள உப்பு, புகைக்குழாயில் நச்சைக் குறைக்கும் வினையூக்கியைக் கெடுக்கும். ஃபில்டரைக் கழுவாமல் புதிது போடுங்கள். கேனை வெயிலில் வைத்திருந்தால் அந்த டெஃப்பையும் சோதியுங்கள்: யூரியா 32.5 சதவீதம் இருக்க வேண்டும், ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு சொட்டு போதும்.

ஆலங்குளம் லாரி:
கேன் தகரக் கொட்டகையில்தான் இருந்தது; 35.5 காட்டியதால் டேங்கைக் காலி செய்து புதிதாக நிரப்பினோம். நேற்று ஏற்றத்திலும் அழுத்தம் 9 பாரில் நின்றது, விளக்கு எரியவில்லை. மெயின் சுவிட்சுக்குப் பக்கத்தில் ‘5 நிமிடம் பொறு’ என்று பெயிண்டில் எழுதிவைத்திருக்கிறேன்.