பிடில் நண்டுக் குஞ்சுக்குப் பெரிய கொடுக்கு எந்தப் பக்கம்? முடிவு செய்வது யார்?

கரும்பலகை
சென்ற வாரம் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளைப் பிச்சாவரத்துக்கு அழைத்துப் போயிருந்தேன். தண்ணீர் வற்றிச் சேறு தெரிந்ததும் பிடில் நண்டுகள் வளையை விட்டு வெளியே வந்தன. இவற்றில் ஆணுக்கு ஒரு கொடுக்கு மட்டும் மிகப் பெரிது, பெண்ணுக்கு இரண்டும் சின்னது. பெரிய ஆண்கள் அந்த ஒற்றைக் கொடுக்கைத் தூக்கித் தூக்கி ஆட்டிக்கொண்டிருந்தன. வேர்களின் ஓரமாக மிளகளவுகூட இல்லாத குஞ்சுகள் ஏராளம். உருப்பெருக்கியில் பார்த்தவரை எல்லாவற்றுக்கும் இரண்டு கொடுக்குகளும் ஒரே அளவு. "இவை எல்லாமே பெண் நண்டுகளா, டீச்சர்?" என்று ஒரு மாணவி கேட்டாள். படகுக்காரர் "ஆமாம்" என்றார். எனக்கு நம்பிக்கை வரவில்லை. தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

உப்புக்காற்று
படகுக்காரர் சொன்னது சரிதான். ஆண் நண்டு முட்டையிலிருந்து வரும்போதே இடமா வலமா என்று எழுதி வாங்கிக்கொண்டுதான் வருகிறது, ஒரு பக்கக் கொடுக்கு அப்போதே பெரிது. அது உடைந்தால் மட்டும் கதை மாறும்: மறுபக்கத்துச் சின்னது பெரிதாகும், உடைந்த இடத்தில் சின்னது முளைக்கும். இது எல்லோருக்கும் தெரிந்த செய்தி.

சேற்றுக்கால்
எல்லோருக்கும் தெரிந்த செய்தி என்பதற்காக அது உண்மையாகிவிடாது. உங்கள் நான்கு வரிகளில் மூன்று தவறுகள் இருக்கின்றன, ஐயா.

முட்டையிலிருந்து வருவது நண்டே அல்ல. தாய் நண்டு முட்டைகளை வயிற்று மடலுக்கு அடியில் ஏறத்தாழ இரண்டு வாரம் சுமந்து, பெரும்பாலும் இரவில், நீர் இறங்கும் நேரம் பார்த்து அவிழ்த்துவிடுகிறது. வெளியே வருவது சோயியா என்ற இளவுயிரி, முள் முளைத்த புள்ளி போல இருக்கும். கடலோடு போய், பெரும்பாலான இனங்களில் ஐந்து முறை உருமாறி, பிறகு மெகலோபா என்ற கடைசி இளவுயிரிப் பருவத்தை அடைகிறது. அதுதான் கரைக்குத் திரும்பிச் சேற்றில் இறங்கும். தன் இனத்துப் பெரிய நண்டுகளின் வாடை நீரில் இருந்தால் சட்டென்று நண்டாகிவிடும், இல்லையென்றால் தள்ளிப்போடும். இத்தனையும் கடந்து வரும் முதல் நண்டு கடுகளவு. ஆணோ பெண்ணோ, அதற்கு இரண்டும் சின்னக் கொடுக்குகள்தான்.

இடமா வலமா என்பதற்கு வருகிறேன். ஜப்பானில் ஆஸ்ட்ரூகா லாக்டியா என்ற வெள்ளைப் பிடில் நண்டை ஆராய்ந்து யமகுச்சி 1977-இல் எழுதியது இது: ஆண் குஞ்சுக்கு முதலில் இரண்டு கொடுக்குகளுமே பெரிய வகையாக வளரத் தொடங்குகின்றன. அந்தப் பருவத்தில் ஒன்று கழன்று விழுகிறது. எஞ்சியது பெரிய கொடுக்காக நிலைக்கிறது, விழுந்த இடத்தில் சின்னது முளைக்கிறது. எது விழுகிறதோ அதைப் பொறுத்தே பக்கம். அதனால்தான் அந்த இனத்தில் இடமும் வலமும் பாதிக்குப் பாதி.

வளர்ந்த பிறகு இடம் மாறுவது கிடையாது. பெரிய கொடுக்கை இழந்தால் அதே பக்கத்தில்தான் பெரியது முளைக்கும். நீங்கள் சொல்லும் பக்கமாற்றம், பெரிய கொடுக்கைச் சொடுக்கி ஒலி எழுப்பும் சொடுக்கு இறாலுக்கு உரியது. அதை நண்டின் தலையில் கட்டிவிட்டார்கள்.

நடுவாற்றுத்தோணி
பிடில் நண்டுக்கு ஜப்பானியப் பெயர் 'ஷியோமனேகி'. ஓதத்தைக் கையசைத்து அழைப்பது என்று பொருள். நாம் பிடில் என்று இரவல் வாங்கிவிட்டோம்.

உப்புக்காற்று
பெயர் அழகுதான், ஆனால் கேள்வி அப்படியே நிற்கிறது. ஓர் உயிரின் உடலமைப்பு தற்செயலாக நடக்கும் ஒரு விபத்தை நம்பியா இருக்கும்? விபத்தே நேராத ஆண் என்ன ஆகும்?

சேற்றுக்கால்
இரண்டு பெரிய கொடுக்குகளோடு வளரும். அப்படிப்பட்ட ஆண்கள் அரிதாகக் கிடைத்திருக்கின்றன. அந்தப் பருவத்தில் இரண்டையும் இழந்தால் பெண்ணைப் போல இரண்டும் சின்னதாக நின்றுவிடும், அதுவும் பதிவாகியிருக்கிறது. விபத்து என்று நீங்கள்தான் சொல்கிறீர்கள். பல்லி வாலை விடுவது போல நண்டு காலின் அடியில் உள்ள மூட்டில் தானே கழற்றிவிடக்கூடியது.

கரும்பலகை
இரண்டும் பெரிதாக இருந்தால் எப்படிச் சாப்பிடும்?

சேற்றுக்கால்
சரியான கேள்வி, அம்மா. சின்னக் கொடுக்குதான் அதன் சோற்றுக்கை, எந்தப் பக்கம் இருந்தாலும். சேற்றை அள்ளி வாயில் போட்டு, பாசியையும் நுண்ணுயிரையும் பிரித்தெடுத்து, மிச்சத்தைச் சிறு உருண்டையாகத் துப்பும். பெண்ணுக்கு இரண்டு சோற்றுக்கைகள், ஆணுக்கு ஒன்றுதான். பெரிய கொடுக்கு சண்டைக்கும் பெண்ணை அழைப்பதற்கும் மட்டுமே. குஞ்சுப் பருவத்தில் அது இன்னும் முழு அளவை எட்டியிருக்காது. ஒவ்வொரு முறை ஓடு கழற்றும்போதும் உடம்பைவிடக் கொடுக்கு வேகமாகப் பெருக்கும். உயிரியலாளர் ஜூலியன் ஹக்ஸ்லி 1924-இல் இந்த ஏறுமாறான வளர்ச்சியைக் கணக்காக்கியது பிடில் நண்டை வைத்துத்தான்.

மீன்தொட்டி
குறுக்கிடுகிறேன். பிடில் நண்டை நன்னீர் நண்டு என்று சொல்லித்தான் கடையில் எனக்கு விற்றார்கள். முட்டை சுமந்த பெண் ஒன்று இருந்தது, குஞ்சு ஒன்றுகூடப் பார்க்கவில்லை. காரணம் இப்போதுதான் விளங்குகிறது. கடல்நீருக்கு நான் எங்கே போவேன்?

உப்புக்காற்று
பக்கமாற்றம் பற்றி நான் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன், இறாலோடு குழப்பிக்கொண்டேன். ஆனால் பிறவிக் குணம் என்பதை விடமாட்டேன். ஜெலாசிமஸ் வோகன்ஸ் என்ற இனத்தில் ஆண்களில் பத்துக்கு ஒன்பதுக்கு மேல் வலது பக்கம்தான். தற்செயலாகக் கழன்றால் எப்படி இத்தனை வலம் வரும்? தாயம் உருட்டினால் ஒவ்வொரு முறையும் தாயமே விழுமா?

சேற்றுக்கால்
அந்த இனத்தைப் பொறுத்தவரை நீங்கள் சொல்வது நியாயம், அங்கே பிறவிக் குணம் ஏதோ வேலை செய்கிறது. லாக்டியாவின் கதையை எல்லா இனத்துக்கும் நான் பொருத்தியிருக்கக் கூடாது. நீங்களும் வோகன்ஸை வைத்து மற்ற இனங்களுக்குத் தீர்ப்பெழுத முடியாது.

உப்புக்காற்று
பிச்சாவரத்து நண்டுகள் எந்தக் கட்சி?

நடுவாற்றுத்தோணி
நண்டு கொழுத்தால் வளையில் தங்காது என்பார்கள். இங்கே இரண்டு பேர் வளையை விட்டு வெகுதூரம் வந்துவிட்டீர்கள். டீச்சரின் கேள்விக்குப் பதில் சொல்லுங்கள்: அந்தக் குஞ்சுகள் ஆணா, பெண்ணா?

சேற்றுக்கால்
இரண்டும் கலந்திருக்கும். சந்தையில் நண்டைப் புரட்டி வயிற்று மடல் குறுகலா அகலமா என்று பார்ப்போமே, அந்த வித்தை குஞ்சிடம் பலிக்காது. பெண்ணின் மடல் பருவம் எய்தும்போதுதான் அகலமாகும்.

கரும்பலகை
வரும் அமாவாசையை ஒட்டி மீண்டும் போகிறோம். காட்டுக்குள் எதையும் பிடிக்கப்போவதில்லை, படகிலிருந்தே தொலைநோக்கியில் பெரிய ஆண்களை மட்டும் எண்ணுவோம். இடம் எத்தனை, வலம் எத்தனை என்று பிள்ளைகள் குறித்து வருவார்கள்.

உப்புக்காற்று
எண்ணும்போது ஓட்டின் நிறத்தையும் குறித்துக்கொள்ளுங்கள், அம்மா. இரண்டு மூன்று இனங்களைச் சேர்த்து எண்ணிவிட்டுப் பாதிக்குப் பாதி என்று வந்தால் நான் ஒத்துக்கொள்ள மாட்டேன்.