29 கூடை போட்ட அணி 22 கூடை போட்ட அணியிடம் தோற்றது எப்படி?

ஸ்கோர்நோட்டு:

வணக்கம். அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்தின் பழைய இறுதி ஆட்டங்களை நோட்டில் பென்சிலால் எழுதி வைப்பது என் வழக்கம். ஆட்டக்காரருக்கு ஒரு வரி. குறுக்கே கூட்டியதும் கீழே கூட்டியதும் ஒத்துப்போகும்வரை அந்தப் பக்கத்தை விடமாட்டேன்.

இந்த வாரம் 1985 இறுதி ஆட்டம். லெக்சிங்டனில் நடந்தது, வில்லனோவா 66, ஜார்ஜ்டவுன் 64. கூட்டல் சரியாகத்தான் வருகிறது. ஆனால் இரண்டு நாளாக ஒரு இடத்தில் சிக்கி நிற்கிறேன்.

ஜார்ஜ்டவுன் 53 முறை எறிந்து 29 போட்டிருக்கிறது. வில்லனோவா 28 முறைதான் எறிந்திருக்கிறது, அதில் 22 உள்ளே. ஃபவுலுக்குக் கிடைக்கும் ஃப்ரீ த்ரோவில் வில்லனோவா 27க்கு 22, ஜார்ஜ்டவுன் 8க்கு 6. கூடைக்கு இரண்டு புள்ளி, ஃப்ரீ த்ரோவுக்கு ஒன்று. ஆக 44ம் 22ம் சேர்ந்து 66, 58ம் 6ம் சேர்ந்து 64. யார் ஜெயித்தார்கள் என்பதில் குழப்பமே இல்லை.

என் குழப்பம் வேறு. கூடைப்பந்தில் பந்து மாறி மாறித்தானே போகும்? ஒரு பக்கத்துக்கு மட்டும் 25 ஷாட் எப்படிக் கூடுதலாகக் கிடைக்கும்? டர்ன்ஓவர், அதாவது எறியாமலே பந்தைத் தொலைத்தது, வில்லனோவாவுக்கு 17, ஜார்ஜ்டவுனுக்கு 11. அதில் 6 போனாலும் இன்னும் 19 பாக்கி. தவறிய பந்தைப் பிடிக்கும் ரீபவுண்டாவது வித்தியாசப்படுமா என்று பார்த்தால் இரண்டு அணிக்கும் 17! அச்சில் ஏதாவது பிழையா, இல்லை நான்தான் எதையோ விட்டுவிட்டேனா?

வலப்பக்க மூலை:

பிழை எதுவும் இல்லை, அந்த ஆட்டமே அப்படித்தான். 28க்கு 22 என்றால் 78.6 சதவீதம். இரண்டாம் பாதியில் 10க்கு 9. பெஞ்சிலிருந்து வந்த ஹெரால்ட் ஜென்சன் 5 எறிந்து ஐந்தையும் போட்டார். எட்டாம் வரிசையில் தொடருக்குள் வந்த அணி, எதிரே முந்தைய ஆண்டின் சாம்பியன். அந்த சீசனில் இதே ஜார்ஜ்டவுனிடம் ஏற்கெனவே இரண்டு முறை தோற்றிருந்தார்கள். இன்றைக்கும் அந்த இரண்டாம் பாதியைப் பார்த்தால் எனக்குக் கை நடுங்கும்.

ஸ்கோர்நோட்டு:

நன்றி. ஆனால் நான் கேட்டது எத்தனை உள்ளே போனது என்பதை அல்ல, எத்தனை முறை எறிந்தார்கள் என்பதை. அந்த 19 எங்கே?

பழைய பாயிண்ட் கார்டு:

நல்ல கேள்வி. ஷாட்டை எண்ணாதீர்கள், பொசஷனை, அதாவது பந்து கைக்கு வந்த தடவைகளை எண்ணுங்கள். பந்து கைக்கு வந்தால் அது மூன்றில் ஒரு வழியில்தான் முடியும்: எறிவார்கள், தொலைப்பார்கள், இல்லாவிட்டால் ஃப்ரீ த்ரோ கோட்டுக்குப் போவார்கள். தன் அணி தவறவிட்டதைத் தானே பிடித்தால் அதே பொசஷன் தொடரும், அதனால் அதைக் கழித்துவிட வேண்டும்.

ஃப்ரீ த்ரோவை ஒன்றுக்கு ஒன்று எண்ணக்கூடாது. சில ஃபவுலுக்கு இரண்டு கிடைக்கும். சிலது கூடை விழுந்த பிறகு வரும் ஒற்றை. கல்லூரி ஆட்டத்தில் முதலாவதைப் போட்டால்தான் இரண்டாவது என்ற வகையும் உண்டு. சராசரியாக ஒரு ஃப்ரீ த்ரோவுக்கு 0.475 பொசஷன் என்று வைத்துக்கொள்வது வழக்கம்.

இப்போது உங்கள் 25ஐப் பிரிப்போம். டர்ன்ஓவரில் 6. வில்லனோவா 19 ஃப்ரீ த்ரோ கூடுதலாக எறிந்தது, 19 பெருக்கல் 0.475, ஏறக்குறைய 9. ஆக 15. மிச்சம் 10. அது ஜார்ஜ்டவுன் தன் சொந்தத் தவறுகளை மீட்டெடுத்த கணக்கு. ஒன்றிரண்டு முன்னே பின்னே இருக்கலாம்.

ரீபவுண்ட் 17க்கு 17 என்பதுதான் உங்களை ஏமாற்றுகிறது. இரண்டும் ஒரே 17 இல்லை. வில்லனோவா கூடைக்குத் தவறவிட்டது 6, ஃப்ரீ த்ரோவில் 5. ஆக 11 பந்துதான், அத்தனையையும் ஜார்ஜ்டவுனே பிடித்திருந்தாலும் அது 11. அப்படியானால் அவர்களுடைய 17ல் குறைந்தது 6 எதிராளியின் கூடைக்குக் கீழே பிடித்தவை. உண்மையில் இன்னும் அதிகமாகத்தான் இருக்கும், இரண்டு ஃப்ரீ த்ரோவில் முதலாவது தவறினால் அதை யாரும் பிடிக்க முடியாதே. வில்லனோவாவின் 17ஓ பெரும்பாலும் தன் கூடைக்குக் கீழே பிடித்தவை, ஏனென்றால் எதிரணி 24 ஷாட் தவறவிட்டிருக்கிறது.

உங்கள் நோட்டில் ஜார்ஜ்டவுனின் பேட்ரிக் யூயிங்கின் வரியைப் பாருங்கள். 13க்கு 7, புள்ளி 14. ஃப்ரீ த்ரோ கட்டத்தில் 0-0. ஏழடி உயர சென்டர், ஆட்டம் முழுக்க ஒரு முறைகூடக் கோட்டுக்குப் போகவில்லை! எதிரே வில்லனோவாவின் எட் பின்க்னி அந்தக் கோட்டிலிருந்து 7 முறை எறிந்து 6 போட்டிருக்கிறார். எனக்கு அந்த ஆட்டமே இந்த இரண்டு கட்டத்தில்தான் இருக்கிறது.

வலப்பக்க மூலை:

அப்புறம் இன்னொன்று. அந்தத் தொடரில் இத்தனை வினாடிக்குள் எறிய வேண்டும் என்ற ஷாட் கிளாக் கிடையாது, 45 வினாடி விதி அடுத்த சீசனில்தான் வந்தது. நல்ல இடம் கிடைக்கும்வரை பந்தைச் சுற்றிக்கொண்டே இருக்கலாம். வில்லனோவா அதைப் பொறுமையாகச் செய்தது. மூன்று புள்ளிக் கோடும் 1986-87ல்தான், அதனால்தான் உங்கள் கூட்டல் இவ்வளவு சுத்தமாக வருகிறது.

ஸ்கோர்நோட்டு:

இப்போது புரிகிறது. நேற்று ராத்திரி மறுபடி போட்டுப் பார்த்தேன். வில்லனோவா: 28, 17, 12.8, மொத்தம் 57.8. ஜார்ஜ்டவுன்: 53, 11, 3.8, மொத்தம் 67.8. வித்தியாசம் அச்சாகப் பத்து. பென்சிலை வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

இன்னொன்றும் கிடைத்தது. அந்தப் பத்தை நீக்கி இரண்டு அணிக்கும் 57 பொசஷன் என்று வைத்து டர்ன்ஓவரைக் கழித்தால் வில்லனோவாவுக்கு மிஞ்சுவது 40தான், அதில் 66 புள்ளி. ஒரு தடவைக்கு 1.65. ஜார்ஜ்டவுனுக்கு 46ல் 64, அதாவது 1.39. பத்தில் மூன்று முறை பந்தைத் தொலைத்த அணி சாம்பியன் ஆகியிருக்கிறது. எனக்கு 10க்கு 9ஐ விட இதுதான் பெரிதாகத் தெரிகிறது.

நோட்டில் ரீபவுண்ட் கட்டத்தை இரண்டாகக் கோடு போட்டுப் பிரித்துவிட்டேன், தன் கூடைக்கு ஒன்று, எதிர்க் கூடைக்கு ஒன்று. முழு ஆட்டத்தையும் மறுபடி ஓடவிட்டு அந்தப் பத்தையும் ஒவ்வொன்றாக எண்ணிக் குறிக்கப்போகிறேன். இடைவேளையில் 29-28. அதுவரை இன்றைக்கே முடித்துவிடுவேன்.